சேறு வாங்காத கால்

இறால் தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, முதுகு நரம்பை நகத்தால் இழுத்து, உடம்பைத் தண்ணிக் குண்டானிலும் தலையைக் கூடையிலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன், இது எங்கள் உப்பங்கழி இறால் இல்லை, லாரியில் ஐஸ் போட்டு வந்த பண்ணை இறால், மூன்று மாதமாக எங்கள் ஊர் கண்டல்திட்டில் பதினெட்டு வீட்டுப் பெண்களும் இதைத்தான் உரிக்கிறோம், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடக்கிறது, அந்தக் கையை நைட்டியில் துடைத்துத் துடைத்துத்தான் இதை எழுதுகிறேன், தாளில் நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள், படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றிலிருந்து எங்கள் கால் சேற்றில் பதிவதில்லை.

கால் பதியாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்குக் குடிதான் முழுகும். நாங்கள் வலை போடுகிறவர்கள் இல்லை, தூண்டில் போடுகிறவர்களும் இல்லை, தண்ணி வத்துகிற நேரம் பார்த்து முழங்கால் ஆழத்தில் இறங்கி, சுரபுன்னை மரங்களின் வேருக்கு நடுவே பின்பக்கமாகவே நடந்து போவோம், முன்னால் பார்த்து நடந்தால் நிழல் விழுந்து இறால் சிதறிவிடும், அதனால் முதுகு காட்டித்தான் நடப்போம், அப்படிப் போகும்போது காலை அழுத்தி அழுத்தி ஒரு கோடு முழுக்கக் குழி போட்டுவிட்டு, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் சும்மா நிற்போம். வத்துகிற தண்ணியில் எங்கே ஒளிவது என்று தெரியாத இறால் வந்து எங்கள் காலடிக் குழியில் படுத்துக்கொள்ளும். பிறகு குனிந்து, ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, குழி குழியாகக் கையை விட்டு எடுப்போம். ஒருத்தி குழியில் இன்னொருத்தி கை வைக்கக் கூடாது, வைத்தால் அது திருட்டு, பஞ்சாயத்து உண்டு. ஆளாளுக்கு ஒரு கோடு, கல்யாணமாகி வருகிறவளுக்கு மாமியார் தன் கோட்டை விட்டுக்கொடுப்பாள், எனக்கு என் மாமியார் கருப்பாயி விட்டுக்கொடுத்தது பெரிய வாய்க்காலுக்குத் தெற்கே மூன்றாவது கோடு.

அந்த வியாழக்கிழமையும் இறங்கினோம், காலை அழுத்தினோம், கால் எப்போதும் போலப் புதைந்தது, எடுத்தோம், கூழிலிருந்து கரண்டியை எடுத்தால் எப்படி மூடிக்கொள்ளுமோ அப்படி மூடிக்கொண்டது சேறு. திரும்பிப் பார்த்தால் கோடு இல்லை, குழி இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி கிடக்கிறது. நண்டு நடந்த தடம் இருக்கிறது, கொக்கு நடந்த தடம் இருக்கிறது, நாய் ஓடின தடம்கூட இருக்கிறது, பதினெட்டுப் பெண்கள் நடந்த தடம் மட்டும் இல்லை.

என் நாத்தனார் தையநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம். "எவடி எங்காலை எடுத்துக்கிட்டவ? மரியாதையா திருப்பிக் குடுத்துடு!" என்று நடுக் கழியில் நின்று கத்தினாள். பிறகு எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டு, ஒரு வாரம் ஒருத்தர் வீட்டு நெருப்பை ஒருத்தர் வாங்காமல் இருந்து, அப்புறம் எல்லோருக்குமே பதியவில்லை என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சேர்ந்துகொண்டார்கள். கழியம்மனைக் கேட்கலாம் என்று பூசாரி செல்லானுக்கு உடுக்கை அடித்தோம், அம்மன் அவர்மேல் இறங்கி, ஈர மணலில் தை தை என்று குதித்தாள், குதித்து முடித்ததும் நாங்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைத்தான் பார்த்தோம், தரை சமமாகக் கிடந்தது. அம்மனும் குனிந்து பார்த்தாள். "எனக்கே தடம் இல்லடா, ஒங்களுக்கு எங்கேருந்துடா தர்றது?" என்று சொல்லி ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு மலையேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அதிசயப்படவில்லை. சோறு வேண்டுமே. இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம், ஒருத்தியை ஒருத்தி தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தோம், நிறைமாதமாக இருந்த செண்பகத்தைக் கெஞ்சி நடக்கவிட்டுப் பார்த்தோம், இரண்டு உயிர் நடந்தும் சேறு ஒன்றையும் வாங்கவில்லை. கடைசியில் மேட்டுத்தெரு கோனாரிடம் எருமை கேட்டோம். எருமைக் குளம்புக்கு நல்ல குழி விழுந்தது, இறாலும் படுத்தது, ஆனால் குழி யாருடையது என்று சண்டை வந்தது, கை வைத்தால் திருட்டாயிற்றே. பஞ்சாயத்தில் நாட்டாமை வேம்பு நாள் முழுக்க யோசித்து, முன்னங்கால் குழி ஓட்டிக்கொண்டு போனவளுக்கு, பின்னங்கால் குழி கோனாருக்கு என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாளே தையநாயகி வந்து, "தீர்ப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா, பின்னங்கால முன்னங்கால் குழியிலயே வைக்குதே அந்தச் சனியன், அதுக்கு யாரு தீர்ப்புச் சொல்றது?" என்றாள். அதற்கு இரண்டாவது தீர்ப்பு வருவதற்குள் காட்டாபீஸ் ஆள் வந்து, பாதுகாக்கப்பட்ட காட்டில் மாட்டுத் தடம் பார்த்தேன் என்று சொல்லி எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டான். எருமை நடந்தது அவனுக்குத் தெரிந்தது.

ஊருக்குள்ளும் பதியவில்லை. புது மருமகள் மஞ்சள் தண்ணியில் கால் நனைத்து வாசலில் வைத்தால் வாசல் வெறுமனே கிடந்தது, மாமியார்க்காரி, "வந்தாளா வரலியா?" என்று கேட்டு, மருமகள் அழுதாள். காட்டு எல்லையில் இருக்கிற செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் போனால் மட்டும் பதிந்தது. ரோடு போடக் கொட்டின மணல் குவியல் ஒன்று அங்கே இருக்கிறது, ரேஷனுக்குப் போகிற பெண்கள் அதில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவார்கள், செண்பகம் ஒரு நாள் தன் ஐந்து விரலும் மணலில் தெரிகிறதைப் பார்த்து, ஊரிலிருந்து அம்மா வந்தால் அழுகிற மாதிரி அழுதாள்.

இதெல்லாம் ஏன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும், அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். காட்டாபீஸ் ஐயா வந்திருந்தார், பட்டணத்திலிருந்து விசாலி மேடம் என்று ஒருவர் வந்திருந்தார், அவர்தான் காட்டைப் பற்றிய கட்டுத் தாளை எழுதுகிறவர். நம் சுரபுன்னைக் காடு உலகத்துப் பாரம்பரியப் பட்டியலில் ஏறப்போகிறது, உலகமே உங்கள் காட்டைப் பார்க்கும், ஊர் சம்மதம் வேண்டும் என்று சொல்லி, சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். எங்களுக்குச் சந்தோஷம்தான். காடு எங்களுக்குப் பெரிசு, உலகத்துக்கும் பெரிசு என்றால் யாருக்குக் கசக்கும்? கட்டுத் தாள் இங்கிலீசில் இருந்தது, அதன்மேல் தமிழில் ஒரே ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு, "படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று மேடம் கேட்க, ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

நான் ஐந்தாவது வரை போனவள். பிள்ளை தன்ஷிகா அப்போது ஒன்பது மாதம், இடுப்பில் இருந்தாள். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "இக்காட்டினுள் மனித நடமாட்டம் எக்காலத்திலும் இருந்ததில்லை, தற்போதும் இல்லை."

இரண்டு தடவை படித்தேன். மனித நடமாட்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தலையைத் தூக்கினேன். மாமன்மார் எல்லோரும் நிற்கிறார்கள், என் புருஷன் கொளஞ்சி நிற்கிறார், காட்டாபீஸ் ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்து பேசினதே இல்லை, பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூடச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்கிறவள் நான்.

"எத்தனாவதும்மா படிச்சீங்க?" என்றார் மேடம்.

"அஞ்சு."

"சூப்பர்! அப்ப மொதல் கையெழுத்து நீங்கதான்."

போட்டேன். அஞ்சலாட்சி என்று அழகாக, சுழித்துப் போட்டேன். நான் படித்துப் பார்த்துப் போட்டதால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் கட்டைவிரலை மையில் தோய்த்து வரிசையாக வைத்தார்கள். மறுநாள் காலையில் சேறு அந்தத் தாளை நம்பிவிட்டது.

மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இன்னும் மூன்று வருஷம் இருந்திருப்பேன், என் புத்தி அப்படி. முந்தாநாள் சாயங்காலம் தன்ஷிகா நடந்தாள். இறால் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கூடையை விட்டுவிட்டு, வாசல் ஈரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி வைத்துப் போய்த் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். உட்கார்ந்த இடம்கூடப் பதியவில்லை. என் பிள்ளை பூமியில் வைத்த முதல் அடி, அதை மண் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் எந்தத் தாளில் கை வைத்தாள்? அவள் என்ன கையெழுத்துப் போட்டாள்? எனக்குள் ஏதோ ஒன்று கிளம்பி வந்தது, அது கோபம் என்று எனக்குப் பேர் தெரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் அதுவரை எனக்கு அது வந்ததில்லை.

நேரே போய்ப் பெண்கள் இறால் உரிக்கிற கொட்டகையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தையநாயகி மெதுவாக எழுந்தாள்.

"மூணு மாசமாவா? அடிப்பாவி! அந்த வரியப் படிச்சப்ப வாயில பறியக் கவ்விக்கிட்டா நின்ன?"

"பயமா இருந்துச்சு அண்ணி."

"எங்களுக்கு மட்டும் என்ன, எருமை பின்னாடி நடக்க ஆசையா இருந்துச்சா?" என்று கேட்டு, என்னை அடிக்க ஓங்கின கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அழுவாத. அழுதா எழுத்து அழியுமா?"

அப்போதே வேறு ஒரு உத்தரவும் வந்து சேர்ந்தது. உலகச் சபையிலிருந்து காட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள், அவர்கள் பார்த்து எழுதினால்தான் பட்டியலில் ஏறும், அதனால் இரண்டு நாள் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, கொடியில் துணி காயக் கூடாது, அடுப்பில் புகை வரக் கூடாது, பறியெல்லாம் உள்ளே போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வேனில் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போவார்கள். கேட்டீர்களா? எங்கள் பிள்ளைகளைக் கூண்டுக்குள் இருக்கிறதைப் பார்க்க அனுப்பிவிட்டு எங்களைக் கூண்டுக்குள் வைப்பார்களாம். அது மட்டுமில்லை, படகு தள்ள என் புருஷனையே கூப்பிட்டார்கள், அவரை விட்டால் வாய்க்கால் வழி தெரிந்த ஆள் இல்லை, பச்சைச் சட்டை ஒன்று கொடுத்து, யார் கேட்டாலும் ஆபீஸ் ஆள் என்று சொல் என்றார்கள். ஆள் நடக்காத காட்டுக்கு வழி காட்ட ஆள் வேண்டியிருக்கிறது!

அந்தக் காட்டை நட்டது யார் என்று கேளுங்கள். பெரிய வாய்க்கால் என்று நான் சொன்னேனே, அதை வெட்டினது என் மாமியார் காலத்துப் பெண்கள், உப்புப் பூத்துச் செத்துக் கிடந்த தரையில் மீன்முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணியை உள்ளே கூட்டி வந்து, சுரபுன்னைக் காயை ஒவ்வொன்றாகச் சேற்றில் குத்தினார்கள். அப்போது அவர்களுக்குக் கூலி கொடுத்தது இதே ஆபீஸ்தான். என் மாமியார் முதுகு நேரே நிமிராமலே போய்ச் சேர்ந்தாள். அவள் முதுகு நடமாட்டம் இல்லையா?

இன்றைக்குக் காலையில் தண்ணி வத்துகிற நேரத்தில் பதினெட்டுப் பேரும் இறங்கிவிட்டோம். சொல்லி வைத்துக்கொண்டெல்லாம் இறங்கவில்லை, தையநாயகி பறியை எடுத்தாள், செண்பகம் கைப்பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தாள், நான் தன்ஷிகாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். பெரிய வாய்க்கால் திரும்புகிற இடத்தில் அவரவர் கோட்டில் அவரவர் நின்று பின்பக்கமாகவே நடந்தோம், குழி விழாது என்று தெரிந்தே நடந்தோம். படகு வந்தது. அதில் விசாலி மேடம், காட்டாபீஸ் ஐயா, தொப்பி வைத்த வெள்ளைக்காரம்மா, அவர் பேச்சைத் தமிழில் சொல்கிற நரைத்த தலை ஐயா ஒருவர். என் புருஷன் என்னைப் பார்த்தார். மேடம், "நிறுத்தாதப்பா, போ" என்றார். கொளஞ்சி தள்ளுகோலைச் சேற்றில் ஊன்றி, படகை அங்கேயே கட்டினமாதிரி நிறுத்திவிட்டார்.

இவர்கள் யார் என்று வெள்ளைக்காரம்மா கேட்டார். சுற்றுலா வந்தவர்கள் என்று மேடம் சொன்னார்.

"ஆமாம்மா, சிங்கப்பூர்லேர்ந்து வர்றோம்," என்றாள் தையநாயகி. "கட்டியிருக்கிற லுங்கியப் பாத்தாலே தெரியலையா?"

நரைத்த ஐயா அதையும் அப்படியே சொல்லிவிட்டார், வெள்ளைக்காரம்மா சிரித்தார், மேடம் சிரிக்கவில்லை. தையநாயகி என் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். நான் பறியை வாயிலிருந்து எடுத்தேன்.

"அந்தத் தாள்ல மூணாவது வரி பொய்," என்றேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது. "இக்காட்டினுள் மனித நடமாட்டம் எக்காலத்திலும் இருந்ததில்லைன்னு எழுதியிருக்கு. நான் இங்க நடக்கிறேன். எங்க மாமியா நடந்தாங்க. அது பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன், அந்தத் தப்பு என்னுது. எழுதின தப்பு ஒங்களுது."

வெள்ளைக்காரம்மா கட்டுத் தாளைப் புரட்டிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் தண்ணி வத்தி வெளியே தெரிந்த சேற்றைப் பார்த்தார். தினமும் நடக்கிறீர்கள் என்றால் தடம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க எறங்கி ஒரு கால வையுங்க."

மேடம் வேண்டாம் என்றார், வழுக்கும் என்றார், காப்பீடு இல்லை என்றார். வெள்ளைக்காரம்மா பூட்சைக் கழற்றி இறங்கி, ஒரு கால் வைத்து எடுத்தார். குழி நின்றது. ஐந்து விரலோடு, குதிகாலோடு, தண்ணி நிறைந்து, குண்டான் மாதிரி நின்றது. வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை, வாலை அடித்துக்கொண்டு ஓர் இறால் வந்து அதில் படுத்தது. எருமை போனதிலிருந்து எங்கள் கழி இறாலைப் பார்க்காத பதினெட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருத்தியும் கை நீட்டவில்லை.

"எடுங்கள்" என்று அவர் சைகை காட்டினார்.

"ஒங்க குழி. நீங்கதான் எடுக்கணும். அடுத்தவங்க குழியில நாங்க கை வைக்க மாட்டோம்," என்றேன். "இன்னைக்குக் காலையில வந்த ஒங்க கால இந்தச் சேறு வாங்குது. முந்தாநாள் நடக்கக் கத்துக்கிட்ட என் மக கால வாங்கல. தாள்ல அவ இல்ல, அதான். தடம் எங்கன்னு சேத்தக் கேக்காதீங்கம்மா, எழுதினவங்களக் கேளுங்க."

நரைத்த ஐயா அதை ஒரு சொல் விடாமல் சொன்னார். வெள்ளைக்காரம்மா குனிந்து கையை விட்டார், கூச்சல் போட்டார், இறாலைப் பிடித்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே படகில் ஏறினார். பிறகு சொன்னது இது: அச்சடித்த கட்டுத் தாளை இங்கேயே மாற்ற முடியாது, ஆனால் சாயங்காலம் நாங்கள் திரும்புவதற்குள் இந்தக் காட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தால், அது கட்டுக்கு மேல் வரும், எங்கள் சபை முதலில் அதைத்தான் படிக்கும்.

"இவங்களுக்கு எழுதவா தெரியும்?" என்றார் மேடம்.

தெரியும் மேடம். ஐந்தாவது வரை தெரியும். ஒரு வரி எழுதி ஓர் ஊரின் காலை நீங்கள் எடுத்தீர்கள், நான் எத்தனை வரி எழுதினால் அது திரும்பும் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் எருமை, சோடா எதையும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சேருங்கள். மரத்தை எழுதுங்கள், கொக்கை எழுதுங்கள், நண்டுக்கு எத்தனை கால் என்று எண்ணி எழுதுங்கள், அதோடு எங்களையும் எழுதுங்கள். ஆள் இல்லாத காடுதான் அழகு என்று எவர் சொன்னாலும், அவர் ஒரு நாள் வந்து சுரபுன்னைக் காயைச் சேற்றில் குத்திவிட்டு, முதுகை நிமிர்த்திவிட்டு அப்புறம் சொல்லட்டும். இனிமேல் எங்கள் ஊரில் எந்தத் தாள் வந்தாலும் உரக்கப் படிக்க வேண்டும், நான் படிப்பேன், எத்தனை மாமன்மார் நின்றாலும்

"அடியே அஞ்சலாட்சி! எழுதினது போதும், ஓடியாடி! குழி நிக்குதுடி! எங்காலு அப்படியே நிக்குதுடி! ஒங் கோட்டுல அந்தச் செண்பகம் ஏறி மெதிச்சிக்கிட்டிருக்கா, வந்து ஒங்கால வையி, அப்பறம் பஞ்சாயத்துன்னு எங்கிட்ட வந்து நிக்காத!"

வர்றேன் அண்ணி, அவளை இறங்கச் சொல்லுங்க, இதோ ஒரே வரி. ஐயாமாரே, அம்மாமாரே, இந்தக் காட்டுக்குள் யாரும் நடக்கவில்லை என்று மறுபடியும் எவராவது எழுதிக்கொண்டு வந்தால், அந்தத் தாளை எங்கள் கையில் கொடுங்கள், அதை நாங்கள்